முதல் சம்பளச் சீட்டைப் படிப்பது எப்படி? வேலூர்ப் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு

ஆம்பூரில் ஷூ கம்பெனி தையல் பிரிவில் சேர்ந்திருப்பீர்கள். இல்லை, ராணிப்பேட்டை சிப்காட்டில் மெஷின் ஓட்டுவீர்கள், வேலூரில் ஆஸ்பத்திரியிலோ ஜவுளிக் கடையிலோ நிற்பீர்கள். எங்கே சேர்ந்தாலும் முதல் மாதப் பணம் பேங்கில் விழுந்ததும் எழுகிற கேள்வி ஒன்றுதான். "13,000 என்று சொன்னார்களே, 11 ஆயிரத்துச் சொச்சம்தான் வந்திருக்கிறது. மீதி எங்கே?"

மீதியில் பெரும்பகுதி உங்கள் பெயரிலேயே வேறு இடத்தில் சேர வேண்டிய பணம். சீட்டில் பிடித்தது அங்கே போய்ச் சேர்ந்ததா என்று மாதாமாதம் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். பிடித்ததைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அது சேர்ந்ததா என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் பார்ப்பதில்லை. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில், வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸில் உட்கார்ந்து இதைக் கண்ணால் கண்டவன் என்பதால் சொல்கிறேன்.

சேருவதற்கு முன்பு கேட்க வேண்டியது

இன்டர்வியூவில் "மாதம் 15,000" என்றால் உடனே கேளுங்கள்: இது சி.டி.சி.யா, கிராஸா, கையில் வருவதா? மூன்றும் வேறு வேறு தொகை. சி.டி.சி. என்பது உங்களை வைத்துக்கொள்ள கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எல்லாம் அதற்குள் அடக்கம். கிராஸ் என்பது உங்கள் பங்கைப் பிடிப்பதற்கு முந்தைய சம்பளம். சம்பளம் 13,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், 1,560. இ.எஸ்.ஐ. பங்கு 3.25 சதவீதம், 423. கூட்டினால் 14,983. ஆக, 15,000 சி.டி.சி. என்பது 13,000 சம்பளம்தான். அதிலும் உங்கள் பங்கு பிடித்தம் போனபிறகுதான் கைக்கு வரும்.

அடுத்தது நியமனக் கடிதம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. நியமனக் கடிதம் கொடுப்பது அவற்றின்படி கட்டாயம். "அதெல்லாம் அப்புறம் தருவோம்" என்றாலும் விடாமல் கேட்டு வாங்குங்கள். அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு, பஞ்சப்படி எவ்வளவு, மற்ற படிகள் எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஏன் பிரிக்க வேண்டும்? பி.எஃப்., கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை), போனஸ் எல்லாவற்றுக்கும் அடித்தளம் பேசிக்கும் பஞ்சப்படியும்தான். 18,000 சம்பளத்தில் பேசிக்கை 6,000 மட்டும் போட்டு, மீதி 12,000-ஐ வீட்டு வாடகைப்படி, பயணப்படி, ஸ்பெஷல் அலவன்ஸ் என்று நிரப்புகிற வழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. புதிய சட்டத்தின்படி இந்தப் படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், கூடுதலாகப் போனது சம்பளக் கணக்கில் சேரும். இந்த உதாரணத்தில் பாதி 9,000. படிகள் அதைவிட 3,000 கூடுதல். அந்த 3,000-ஐ பேசிக்கோடு சேர்த்து, 9,000-க்குத்தான் பி.எஃப். கணக்குப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. சர்டிபிகேட்டின் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்கிற இடங்கள் உண்டு. சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், ஒரிஜினலை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

"பிடித்தம் வேண்டாம், முழுசா வாங்கிக்கோ"

சின்ன யூனிட்டுகளிலும் கான்ட்ராக்ட் ஆட்கள் எடுக்கும் இடங்களிலும் இந்தப் பேச்சு வரும். "பி.எஃப். போட்டா 1,500 குறையும்பா, வேண்டாம்னா முழுசா கையில குடுத்துடறேன்." வீட்டில் கடன் இருக்கும் 20 வயதுப் பிள்ளைக்கு இது நல்ல பேச்சாகத்தான் தெரியும். ஆனால் நீங்கள் 1,560 மிச்சம் பிடிக்கும்போது, கம்பெனி உங்களுக்காகக் கட்ட வேண்டிய இன்னொரு 1,560-ஐயும் சேர்த்து இழக்கிறீர்கள். இ.எஸ்.ஐ. மருத்துவமும் போகிறது, வேலையில் கை மாட்டிக்கொண்டால் வர வேண்டிய இழப்பீடும் போகிறது. பஞ்ச்சிங் மெஷினும் ரோலர்களும் ஓடுகிற தோல் தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை.

இது உங்கள் விருப்பத்துக்கு விட்ட விஷயமும் இல்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பி.எஃப். கணக்குப் பார்க்கும் சம்பளம் 15,000 வரை இருந்தால் பி.எஃப். கட்டாயம். 10 பேர் இருந்தாலே, சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்திருந்தாலும் இதே விதிதான். கான்ட்ராக்டர் கட்டாமல் விட்டால், யாருடைய கேட்டுக்குள் வேலை செய்கிறீர்களோ அந்த முதலாளிக்குப் பொறுப்பு உண்டு. குடியாத்தம் பக்கம் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் அம்மாக்களுக்கே பி.எஃப். உரிமை இருக்கிறது. மெஷின் முன்னால் நிற்கும் உங்களுக்கு இல்லாமல் போகாது.

சேரும் அன்று: பெயர், இனிஷியல், நாமினி

பின்னால் வரும் தலைவலியில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

பி.எஃப்.புக்கு யு.ஏ.என். என்று 12 இலக்க எண் ஒன்று உண்டு. ஆயுளுக்கும் அந்த ஒரே எண்தான். இப்போது மத்திய அரசின் உமாங் செயலியில் ஆதாரைக் கொடுத்து, போன் கேமராவில் முகத்தைக் காட்டி அதை உருவாக்குகிறார்கள். ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும்தான் அதில் ஏறும். பேங்க் பாஸ்புக்கில் வேறு மாதிரி இருந்தால் பிறகு பணம் எடுக்கும்போது நிற்கும்.

நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய சிக்கல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "கவிதா எஸ்", ஆதாரில் "கவிதா", பேங்கில் "கவிதா சங்கர்" என்று ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் இனிஷியல் மாறியிருந்தால் நான்காவதும் வந்துவிடும். வேலைக்குச் சேருவதற்கு முன்பே ஆதார், பான், பேங்க் மூன்றிலும் பெயரை எழுத்துப் பிசகாமல் ஒன்றாக்கிவிடுங்கள். இ-சேவை மையத்தில் இன்று அரை நாள் போகும். பத்து வருஷம் கழித்துத் திருத்துவது என்றால், பழைய கம்பெனி மூடியே போயிருக்கலாம்.

முன்பு எங்காவது வேலை செய்து யு.ஏ.என். இருந்தால் மறைக்காமல் அதையே கொடுங்கள். புதிதாக இன்னொன்று வாங்கினால் சர்வீஸ் இரண்டாக உடையும்.

நாமினியையும் அப்போதே பதியுங்கள். பி.எஃப். உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்துவிட்டால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை காப்பீடு வரும். அதற்கான பிரீமியத்தை முதலாளியே கட்டுகிறார், உங்கள் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை. நாமினி பதியாத குடும்பங்கள் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. கல்யாணம் ஆனதும் நாமினியைப் புதிதாகப் பதிந்துவிடுங்கள்.

இனி சீட்டுக்கு வருவோம்

ஒரு சீட்டை எடுத்துப் பார்ப்போம். மாதச் சம்பளம் 13,000, முழுதும் பேசிக்கும் பஞ்சப்படியும். ஒரு நாளைக்கு 26-ஆல் வகுத்து 500 ரூபாய். இந்த மாதம் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு, கையில் லீவு பாக்கி இல்லை. அதனால் லாஸ் ஆஃப் பே 1,000 போய், சம்பாதித்தது 12,000.

முதலில் நாட்களைப் பாருங்கள். தொகையைப் பார்க்கும் முன்பே இது. வருகைப் பதிவு மெஷினில் பஞ்ச் விழாத நாள், இரவு ஷிஃப்ட் அடுத்த நாள் கணக்கில் போனது, ஞாயிறு வேலை பார்த்தது விட்டுப்போனது, தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கும். ஒரு சின்ன காலண்டரில் நீங்களே தினம் குறித்து வைத்தால் டைம் ஆபீஸில் பேசுவது சுலபம். "நான் வந்தேன் சார்" என்பதற்கும் "14-ம் தேதி இரண்டாம் ஷிஃப்ட், 17-ம் தேதி ஓ.டி. மூணு மணி நேரம்" என்பதற்கும் கிடைக்கும் பதில் வேறு. ஒரு நாள் கூலியை 26-ஆல் வகுக்கிறார்களா, 30-ஆல் வகுக்கிறார்களா என்பதையும் கேட்டு வையுங்கள்.

ஓவர்டைம் (ஓ.டி.) இரட்டிப்பு. ஒரு நாள் 500 என்றால் எட்டு மணி நேரத்துக்கு வகுத்து மணிக்கு 62 ரூபாய் 50 காசு. ஓ.டி. மணிக்கு 125. சிங்கிள் ரேட்டில் போட்டிருந்தால் கேளுங்கள். ஓ.டி. பணத்தில் பி.எஃப். பிடிப்பதில்லை, அது சரிதான்.

இப்போது பிடித்தங்கள்.

பி.எஃப். 12,000-க்கு 12 சதவீதம், 1,440. கம்பெனியும் அதே 1,440 போடும், ஆனால் அது இரண்டாகப் பிரியும். 8.33 சதவீதம், அதாவது 1,000 ரூபாய், பென்ஷன் திட்டத்துக்குப் போகும். மீதி 440 உங்கள் பி.எஃப். கணக்குக்கு வரும். ஆக அந்த மாதம் உங்கள் கணக்கில் ஏறுவது 1,880, பென்ஷனில் 1,000. "நான் 1,440, அவங்க 440தானா, ஏமாத்திட்டாங்க" என்று பாஸ்புக்கைப் பார்த்துப் பதறுபவர்கள் நிறைய. பக்கத்துக் கட்டத்தில் பென்ஷன் இருக்கிறது, அதையும் சேர்த்துப் பாருங்கள். பி.எஃப். சேமிப்புக்கு 2024-25-க்குக் கொடுத்த வட்டி 8.25 சதவீதம். சம்பளம் 15,000-க்கு மேல் போனாலும் பல கம்பெனிகள் 15,000-க்கு மட்டும் கணக்கிட்டு 1,800 பிடிப்பார்கள். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு.

இ.எஸ்.ஐ. உங்கள் பங்கு 0.75 சதவீதம், 90 ரூபாய். கம்பெனி 390 கட்டுகிறது. 90 ரூபாய்க்கு இவ்வளவு தருகிற காப்பீடு வெளியில் கிடைக்காது. உங்களுக்கும், கணவன் அல்லது மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், உங்களை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் மருத்துவம் உண்டு. மருத்துவத்துக்கும் வேலையில் நேரும் விபத்துக்கும் சேர்ந்த நாளிலிருந்தே உரிமை. காய்ச்சலில் படுத்தால், டாக்டர் சான்றிதழின்பேரில் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை வாங்கலாம். அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது இ.எஸ்.ஐ. கட்டியிருக்க வேண்டும். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம்.

வேலூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. ஆனால் முதலில் போக வேண்டியது உங்களுக்கு ஒதுக்கிய இ.எஸ்.ஐ. மருந்தகம். சேர்ந்ததும் அட்டையை வாங்கி, குடும்பத்தார் பெயர், ஆதார் எல்லாம் ஏறியிருக்கிறதா, மருந்தகம் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பேர்ணாம்பட்டில் இருந்து வேனில் வரும் பெண்ணுக்கு ராணிப்பேட்டை மருந்தகத்தைப் போட்டுவிட்டால் யார் போவார்? டைம் ஆபீஸில் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் உடனே இ.எஸ்.ஐ. நிற்காது. மே மாதம் தாண்டினால் செப்டம்பர் முடியும் வரை பிடிப்பார்கள், அதற்கேற்ற பலனும் தொடரும்.

கேன்டீன், வேன் பிடித்தம் இந்த உதாரணத்தில் 250. எல்லாம் போக 12,000-ல் கைக்கு வருவது 10,220. லீவு போட்டதால் பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும்கூடக் குறைந்திருப்பதைக் கவனியுங்கள். முழு மாதப் பிடித்தத்தைப் போட்டிருந்தால் கணக்கு தப்பு.

அட்வான்ஸ் வாங்கியிருந்தால் தவணையும் இதே பக்கத்தில் வரும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அபராதம் போட்டால் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதுவும் உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான். சரக்கு பாழானது என்று கேட்காமல் கொள்ளாமல் ஒரு தொகையைக் கழிப்பது சட்டப்படி செல்லாது.

தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் புதியவர்களைத் திடுக்கிட வைக்கும். மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி என்று உங்கள் கம்பெனி இருக்கும் இடத்து உள்ளாட்சிக்கு இது போகிறது. ஆறு மாத வருமானம் 21,000 வரை வரி இல்லை. 75,000-ஐத் தாண்டினால் 1,250. மாதம் 13,000 என்றால் ஆறு மாதத்துக்கு 78,000, அதனால் உச்ச வரி 1,250 விழும். பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் ஒருமுறை, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் ஒருமுறை. அந்த மாதம் ஏலச்சீட்டு கட்ட ஒதுக்கிய பணத்தை முன்பே கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள். வருஷத்துக்கு 2,500-க்கு மேல் தொழில் வரி போடக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 276-வது பிரிவே சொல்கிறது.

டிசம்பரில் தொழிலாளர் நல நிதி என்று சின்னத் தொகை ஒன்று போகும். அந்த வாரியத்தில் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை இருக்கிறது, பள்ளியில் பிள்ளைகள் இருந்தால் விசாரியுங்கள். வருமான வரி பற்றி இந்தச் சம்பளத்தில் கவலைப்பட ஒன்றும் இல்லை. 2025-26-ல் புதிய முறையில் 12 லட்சத்து 75 ஆயிரம் வரை சம்பளத்துக்கு வரி வராது.

பிடித்தது சேர்ந்ததா?

இதுதான் மாதாமாதம் செய்ய வேண்டிய வேலை. கம்பெனி அந்த மாதப் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணத்தை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். நீங்கள் 25-ம் தேதிவாக்கில் உமாங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து சீட்டோடு ஒப்பிடுங்கள். ஸ்மார்ட் போன் இல்லையென்றால், யு.ஏ.என்.-ல் பதிந்த நம்பரில் இருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு எஸ்.எம்.எஸ்.ஸில் வரும்.

ஒரு மாதம் தள்ளிப்போனால் கேளுங்கள். இரண்டு, மூன்று மாதம் ஏறவே இல்லை, சீட்டில் மட்டும் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் சும்மா இருக்கக் கூடாது. தொழிலாளியிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது குற்றம். சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள், வாட்ஸ்அப்பில் வந்தால் தனியாகச் சேமியுங்கள். வேலூரில் பி.எஃப். அலுவலகம் இருக்கிறது, ஆன்லைனிலும் புகார் கொடுக்கலாம். ஒவ்வொரு மாதமும் 27-ம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். குறைதீர் முகாம் நடத்துகிறார்கள். 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகு ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் தங்கள் மாவட்ட முகாமுக்கே போகலாம். சம்பளமே வரவில்லை, ஓ.டி. தரவில்லை என்றால் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் கூட வேலை செய்யும் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஏறவில்லை என்றால் பெரும்பாலும் மற்றவர்களுக்கும் ஏறியிருக்காது.

சீட்டில் வராத இரண்டு

ஒன்று போனஸ். சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு, வருஷத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே உரிமை உண்டு. குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. நம் பக்கம் தீபாவளிக்கு முன் வரும். ஜூலையில் சேர்ந்தவர்கள் "எனக்கு இந்த வருஷம் கிடையாதாமே" என்று விட்டுவிட வேண்டாம். கணக்கு வருஷம் ஏப்ரல் முதல் மார்ச் வரை, வேலை செய்த மாதங்களுக்கு அடுத்த தீபாவளியில் வர வேண்டும்.

இன்னொன்று கிராஜுவிட்டி. ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். 13,000-க்கு வருஷத்துக்கு 7,500, ஐந்து வருஷத்துக்கு 37,500. குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எடுத்தவர்களுக்குப் புதிய சட்டத்தில் ஒரு வருஷமே போதும். நாலரை வருஷத்தில் கோபித்துக்கொண்டு வேலையை விடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

வேலையை விடும்போது

விட்ட இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைத் தர வேண்டும் என்பது இப்போது சட்டம். பி.எஃப்.பில் வெளியேறிய தேதியைக் கம்பெனி பதிந்ததா என்று பாருங்கள். பதியவில்லை என்றால், கடைசியாகப் பணம் ஏறி இரண்டு மாதம் கழித்து நீங்களே ஆன்லைனில் பதியலாம்.

வேலை மாறும் ஒவ்வொரு முறையும் பி.எஃப்.பைச் சுத்தமாக எடுத்துவிடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். பென்ஷன் கிடைக்க மொத்தம் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை பார்த்த வருஷங்கள் கணக்கில் இருந்து போய்விடும். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு எட்டு வருஷம் என்று வேலை செய்த பெண்கள் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் எத்தனையோ பேர். அவர்களுக்கு 14 வருஷம் இருக்க வேண்டியது எட்டாகி, பென்ஷன் இல்லாமல் போகிறது. வேறு கம்பெனிக்குப் போகிறீர்கள் என்றால் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றுங்கள். கொஞ்ச காலம் வீட்டில் இருக்கப் போகிறீர்கள், பி.எஃப். பணம் அவசியம் என்றால் அதை எடுத்துக்கொண்டு, பென்ஷனுக்கு மட்டும் ஸ்கீம் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள். மறுபடி வேலைக்குச் சேரும் அன்று அந்தக் காகிதத்தைக் கொடுத்தால், விட்ட இடத்தில் இருந்து வருஷங்கள் எண்ணிக்கையில் சேரும்.